புதிய இடுப்பு மூட்டும் ஆறுதற் காலமும்

கல்லூரி விழாக்களிற் கூடும் பழைய மாணவரை உற்று நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். ஒரு காலத்தில் மைதானத்திற் பந்தின் பின்னே ஓடித் திரிந்தவருட் சிலர், இன்று மண்டபத்தின் மூன்று படிகளை ஏறுதற்கு அருகில் நிற்பவரின் தோளைப் பற்றுகின்றனர். நெடுநேரம் இருந்து எழும்போது தொடையிடுக்கிலே குத்தும் வலி, செருப்பு மாட்டக் குனிய இயலாமை, இரவிற் புரண்டு படுக்க அஞ்சுதல் ஆகிய இவை பெரும்பாலும் இடுப்பு மூட்டுத் தேய்ந்தமையின் அடையாளங்களாகும். முன்னாளில் இதனை வயதின் பலன் என்று கூறித் தாங்கியிருந்தனர். இந்நாளில் மூட்டையே மாற்றி அவ்வலியை நீக்குதல் கூடும்.

அம்மாற்றுச் சிகிச்சையைச் செய்விக்கலாமா, வேண்டாமா என்று கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அது வைத்தியர் கூறற்பாலது. சத்திரசிகிச்சை முடிந்தபின், முதற் சில வாரங்களில் நோயாளர் எதனை எதிர்பார்த்தல் தகும், எதனை எதிர்பார்த்தல் தகாது என்பதே ஈண்டு விளக்கப்படும்.

நான் வைத்தியனல்லேன், தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். எனினும், 45 ஆம் வயதில் இடத் தொடையென்பின் தலைக்குக் குருதி செல்லுதல் குன்றி, அம்மூட்டு அழிந்தமையால் மாற்றுச் சிகிச்சை பெற்றவன். சிகிச்சை நன்கு நடந்தது. நான் போட்ட கணக்குத்தான் பிழைத்தது. தவணை விடுமுறை நாலு வாரம். அதற்குள் எழுந்து நடந்து, அடுத்த தவணையின் முதல் நாளிலே பரீட்சை வகுப்பின் முன் நிற்பேன் என எண்ணியிருந்தேன். வைத்தியர் "நன்றாக ஆறுவதற்கு மாதங்கள் செல்லும்" என்று தெளிவாகவே கூறினார். அது மற்றவர்க்குரிய செய்தி என்று நான் கொண்டுவிட்டேன். அப்பிழைக் கணக்கினால் யான் பட்ட துயர், புண்ணினால் வந்த துயரினும் பெரிது. பின்வருவார் அதனையேனும் தவிர்த்துக்கொள்ளலாம் என்னும் கருத்தே இதனை எழுதத் தூண்டியது.

மூட்டின் அமைப்பு

இடுப்பு மூட்டு, கிண்ணத்துள் அமைந்த பந்தினைப் போன்றது. தொடையென்பின் மேல்முனை உருண்டைத் தலையாகவும், இடுப்பென்பில் அதனை ஏற்கும் குழி கிண்ணமாகவும் அமைந்துள்ளன. இரண்டின் மேலும் வழுவழுப்பான கசியிழையம் போர்த்திருக்கின்றது. அப்போர்வை தேய்ந்துபோமாயின் என்போடு என்பு உராயும். உராய்வினால் வீக்கமும் விறைப்பும் வலியும் தோன்றும்.

இம்மூட்டின் சுமை நாம் எண்ணுவதினும் மிகுதியானது. ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது அக்காலின் இடுப்பு மூட்டு, அவரது உடல் நிறையைப்போல ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு பாரத்தைத் தாங்குகின்றது. உடல் மறுபக்கம் சாய்ந்து விழாதவாறு இடுப்பின் புறத்தேயுள்ள தசைகள் வலிந்து இழுத்துப் பிடிக்கின்றன. அவ்விழுப்பும் மூட்டின் மேலே சேர்கின்றது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் நாம் சிறிது நேரம் ஒற்றைக் காலிலேயே நிற்கின்றோம். ஆதலால், நடையின் அழகும் உறுதியும் மூட்டினால் மட்டும் வருவனவல்ல. அப்புறத் தசைகளாலும் வருவன. இதனை வாசகர் நினைவில் வைப்பாராக. ஆறுதற் காலத்துத் துன்பங்களுட் பல இதனால் விளங்கும்.

சாண்லி கற்ற பாடம்

இற்றை நாளிற் செய்யப்படும் மாற்றுச் சிகிச்சைக்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சேர் ஜோன் சாண்லி (1911–1982) ஆவர். லங்காசயரிலுள்ள றைற்றிங்ரன் வைத்தியசாலையிலே இவர் பணியாற்றினார். தொடையென்பிற் சிறிய உருக்குத் தலையையும், இடுப்புக் குழியில் வழுக்கும் தன்மையுள்ள பிளாஸ்ரிக்குக் கிண்ணத்தையும் பொருத்தி, இரண்டையும் பல்வைத்தியர் கையாளும் அக்கிறிலிக்குச் சீமெந்தினால் நிலைநிறுத்துதல் இவர் கண்ட முறை.

முதலில் இவர் கிண்ணத்துக்குத் தெரிந்தெடுத்த பொருள் தெஃப்லோன் ஆகும். 1950 களின் பிற்பகுதியில் அம்மூட்டைப் பெற்ற நோயாளர் விரைவில் வலியின்றி நடந்தனர். கண்டோர் வியந்தனர். ஆனால், இரண்டு மூன்று ஆண்டுகளுள் அக்கிண்ணங்கள் தேய்ந்து, தேய்ந்த துகள்களினால் சூழவுள்ள இழையங்கள் அழற்சியுற்றன. ஏறக்குறைய 300 பேருக்குப் பொருத்திய மூட்டுக்கள் இவ்வாறு பழுதாயின. பலரை மீண்டும் அறுத்துத் திருத்த வேண்டியதாயிற்று. சாண்லி தளர்ந்துவிடவில்லை. புதிய பொருளைத் தேடி, பொலித்தீன் இனத்தைச் சேர்ந்த மிக உறுதியான பிளாஸ்ரிக்கொன்றைக் கண்டு, அதன் தேய்வைப் பொறியில் வைத்துச் சோதித்தார். பொருள்களின் சிறு துண்டுகளைத் தம் தொடையினுள்ளேயே வைத்து உடல் அவற்றை ஏற்கின்றதா என்றும் நோக்கினார். 1962 நவம்பரில் அப்புதிய கிண்ணத்தை நோயாளர்க்குப் பொருத்தத் தொடங்கினார். அதன் வழிவந்த மூட்டுக்களே இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. தம் நோயாளர் இறந்தபின் மூட்டை எடுத்து ஆராய்தற்கு, அவர்கள் வாழும்போதே அவர்களது இசைவைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார் என்பதும் அறியத்தக்கது. ஒரு மூட்டின் தகுதி ஆண்டுகள் கடந்தே புலப்படும் என்பதை அவர் பட்டறிந்திருந்தார்.

இவ்வரலாற்றினின்றும் நோயாளர் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. முதல் வாரத்துச் செய்தி முடிவுச் செய்தியன்று. தெஃப்லோன் மூட்டின் முதல் மாதங்கள் இனித்தன, முடிவு கசந்தது. இன்றைய மூட்டின் நிலை பெரும்பாலும் இதற்கு மறுதலையானது. முதல் வாரங்கள் கசக்கும், முடிவு இனிக்கும். 2019 இல் லான்செற் என்னும் வைத்திய இதழில் வெளியான ஆய்வொன்று, 25 ஆண்டுகளின் பின்னும் நூற்றுக்கு ஏறக்குறைய 58 மூட்டுக்கள் மாற்றப்படாது நின்று பயன்படுகின்றன என மதிப்பிட்டது. இருபத்தைந்து ஆண்டு உழைக்கவல்ல ஒன்றினை இருபத்தைந்து நாளில் அளந்து தீர்ப்புக் கூறுதல் முறையாகுமா?

சத்திரசிகிச்சையில் நிகழ்வது

சத்திரசிகிச்சை பொதுவாக ஒன்று முதல் இரண்டு மணி நேரம் நடைபெறும். தோலையும் அதன் கீழுள்ள இழையங்களையும் திறந்து, தசைகளை விலக்கியோ சில இடங்களிற் பிரித்தோ மூட்டை அடைவர். தொடையென்பின் தலையை அரிந்து நீக்குவர். குழியைக் குடைந்து ஒப்பமாக்கிப் புதிய கிண்ணத்தை அமைப்பர். தொடையென்பின் உட்குழாயைச் செப்பனிட்டு, உலோகத் தண்டொன்றை இறுகச் செலுத்தி, அதன் மேல் உலோகத்தாலோ வெண்களியினத்தாலோ ஆன தலையைப் பொருத்துவர். சிலர்க்குச் சீமெந்து இடப்படும். சிலர்க்கு அஃதின்றி, தண்டின் சொரசொரப்பான மேற்பரப்பில் என்பு தானே வளர்ந்து பற்றிக்கொள்ள விடப்படும். அவ்வளர்ச்சிக்கு வாரங்கள், மாதங்கள் வேண்டும்.

இவ்விவரங்களைக் கூறுதல் அச்சுறுத்தற்கன்று. வெளியே தெரிவது ஒரு சாண் நீளத் தழும்பு; உள்ளே நிகழ்ந்திருப்பது பெரிய வேலை. நோயாளர் வெளித் தழும்பையே கண்டு, அது ஆறிய அன்றே தாமும் ஆறிவிட்டதாக எண்ணுகின்றனர். தோல் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். தசையும் என்பும் தத்தம் காலத்திலேயே ஆறும்.

முதல் மூன்று நாட்கள்

இக்காலத்தில் நோயாளரைச் சிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ எழுப்பி நிற்கவும் நடக்கவும் செய்கின்றனர். முன்னாளில் வாரக்கணக்கிற் படுக்கையிற் கிடத்தினர். அவ்வாறு கிடந்தால் நாளங்களிற் குருதி உறைதலும், நெஞ்சிற் சளி கட்டுதலும், தசை மெலிதலும் மிகும் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆகவே, இயன்மருத்துவர் வந்து "எழும்புங்கோ" என்னும்போது அவரைக் கொடியவர் எனக் கருதலாகாது. நோயாளர் உடனே நிற்கலாம் என்பது மூட்டு உறுதியாகப் பொருந்தியுள்ளது என்பதைக் காட்டுமேயன்றி, உடல் ஆறிவிட்டது என்பதைக் காட்டாது.

முதல் நாளில் ஒரு மயக்கம் உண்டாகும். முதுகில் ஏற்றிய விறைப்பு மருந்தின் வலிமை நீங்காதிருக்க, நோயாளர் தமக்கு வலியே இல்லையென மகிழ்வர். யானும் அன்று மாலை, வீட்டுக்குத் தொலைபேசியில் "ஒன்றுமே இல்லை" என்று பெருமையடித்தேன். மருந்தின் வலிமை குறைந்ததும் வலி ஏறியது. இது சிகிச்சை கெட்டதன் அறிகுறியன்று. மறைந்திருந்த வலி வெளிப்பட்டதாகும். வலிநீக்கி மருந்தை வைத்தியர் குறித்த வேளையில் உட்கொள்ளுதலே நன்று. வலி உச்சத்துக்கு ஏறும்வரை பொறுத்திருந்து பின்னர் விழுங்குதல் வீரமன்று. வலியுள்ளவர் நடக்கமாட்டார், நடவாதவர் ஆறமாட்டார்.

வீடு திரும்பியபின்

இப்பொழுது பல நாடுகளில் நோயாளர் சில நாட்களுள் வீடு செல்கின்றனர். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் நேராக முன்னேறும் என்று எதிர்பார்ப்பது முதற் பிழை. பலர்க்கு வீடு வந்த பின்னரே கால் கூடுதலாக வீங்கும். வைத்தியசாலையிற் பெரும்பாலும் படுத்திருந்தவர் வீட்டில் நடக்கவும் இருக்கவும் தொடங்குகின்றார். நீர் கீழே இறங்குகின்றது. தொடையில் இருந்த கன்றிய கருநீல நிறமும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இறங்கும். இதனைக் கண்டு என் தாயார் கால் அழுகுகின்றது என்று அஞ்சினார். உள்ளே கசிந்த குருதி கீழ்நோக்கி வழிந்து, பின்னர் மஞ்சளாகி மறைந்தது. காலை உயர்த்தி வைத்துப் படுத்தலும், கணுக்காலை அடிக்கடி மேலும் கீழும் அசைத்தலும் வீக்கத்தைத் தணிக்கும்.

உறக்கம் கெடும். மல்லாந்து படுத்துப் பழகாதவர்க்கு இரவு நீளும். பகலிற் களைப்பு மேலிடும். குளித்து உடை மாற்றுதலே ஒரு நாள் வேலையாகத் தோன்றும். குருதியிழப்பும், உடல் தன் வலிமையைப் புண்ணாற்றுதற்குச் செலவிடுதலும் இதன் காரணங்கள். உணவு சுவைக்காது. வலிநீக்கி மருந்துகள் சில மலச்சிக்கலை உண்டாக்கும். நீரும் பழமும் கீரையும் வேண்டும், தேவையாயின் வைத்தியரைக் கேட்டு மருந்தும் வேண்டும். புண்ணைச் சுற்றித் தோல் மரத்திருக்கும். மூட்டினுள் சிலவேளை "டக்" என்னும் ஓசை எழும். புதிய கால் நீண்டுவிட்டதுபோலவும் தோன்றும். நெடுநாள் வலியினாற் சுருங்கியிருந்த தசைகள் இழுபட்டு இடுப்புச் சரிந்திருத்தலே பலர்க்கு இவ்வுணர்வின் காரணம். தசைகள் தளரச் சில வாரங்களில் அது பெரும்பாலும் மறையும். மறையாவிடில் வைத்தியர் அளந்து நோக்குவர்.

இவற்றுள் ஒன்றையேனும் முன்னரே கேள்விப்படாதவர்க்கு ஒவ்வொன்றும் ஓர் இடியாக வந்து விழும். கேள்விப்பட்டவர்க்கோ, "இது வருமென்று சொன்னார்கள், வந்தது, போகும்" என்னும் அமைதி உண்டாகும். துன்பம் ஒன்றே, அதனைத் தாங்கும் மனம் வேறு.

மூன்றாம் வாரம்

என் மனம் உடைந்தது மூன்றாம் வாரத்திலே. வலி குறைந்து வந்தது. ஆயினும் நடை வரவில்லை. ஒவ்வோரடிக்கும் உடல் இடப்பக்கம் சாய்ந்தது. அவ்வேளையில் என்னைக் காண வந்த ஒருவர், தமது உறவினர் ஒருவர் பத்தாம் நாளிலேயே சைக்கிள் ஓடினார் என்று கூறிச் சென்றார். அவர் தீங்கு நினைத்துக் கூறவில்லை. எனினும், அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாட் காலை, வீட்டார் அறியாவண்ணம் கைத்தடியை வைத்துவிட்டு, படலைவரை நடந்து ஒழுங்கையின் முடிவையும் கண்டு திரும்பினேன். அன்று மாலை தொடை கல்லைப்போல இறுகி வீங்கிற்று. மூட்டு முறிந்துவிட்டது, என் ஆசிரியத் தொழிலும் முடிந்தது என்று எண்ணி, என் மனைவி காணாதவாறு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

வைத்தியசாலைக்குச் சென்றோம். எக்ஸ்கதிர்ப் படத்தில் மூட்டு வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. என்னைப் பயிற்றிய இயன்மருத்துவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "மாஸ்ரர், மூட்டைத்தான் மாத்தினவை, தசையை மாத்தேல்லை. அது உங்கடை பழைய மாணவன். நாலு வருசமாப் பாடத்துக்கு வராதவனை ஒரு மாசத்திலை பாஸ் பண்ணச் சொன்னா எப்பிடி?"

அவர் கூறியது முற்றிலும் உண்மை. வலிக்கு அஞ்சி ஆண்டுக்கணக்காக நான் அக்காலிற் பாரம் வைக்கவில்லை. ஆகவே, முன்னர் கூறிய புறத்தசைகள் மெலிந்திருந்தன. சிகிச்சையும் அவற்றைச் சிறிது வருத்தியிருந்தது. மெலிந்த தசை இடுப்பைத் தாங்காதபோது உடல் சாய்ந்தே நடக்கும். அச்சாய்வைப் போக்குவது நாடோறும் செய்யும் சிறு பயிற்சியே. ஒருநாளிற் காட்டும் வீரமன்று. பயிற்சியின் அளவுக்கு எளிய அடையாளம் ஒன்றுண்டு. பயிற்சியின் பின் எழும் நோவு சிறிது நேரத்தில் தணிந்து, மறுநாட் காலை முன்னிருந்த நிலையிலேயே இருப்பின், அளவு சரி. மறுநாளும் வீக்கமும் நோவும் மிகுந்திருப்பின், முதல் நாளின் அளவு மிகுதி.

கைத்தடியைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். நம்மவர் பலர் நோயுள்ள பக்கத்துக் கையிலேயே தடியை ஏந்துகின்றனர். இடப்புற மூட்டு மாற்றப்பட்டதாயின் தடி வலக்கையில் இருத்தல் வேண்டும். அப்பொழுது தடி உடலை மறுபக்கத்திலிருந்து தாங்குதலால், தசையின் வேலையும் மூட்டின் சுமையும் குறையும். படியேறும்போது நல்ல கால் முன்னே செல்லவேண்டும். இறங்கும்போது தடியும் சிகிச்சை பெற்ற காலும் முன்னே செல்லவேண்டும்.

காத்தற்குரிய நெறிகள்

முதற் சில வாரங்களில் மூட்டைச் சுற்றியுள்ள இழையங்கள் இறுகாதிருத்தலால், சில நிலைகளிற் பந்து கிண்ணத்தை விட்டு விலகுதல் கூடும். இதனைத் தடுத்தற்குச் சில நெறிகளை வகுப்பர். இடுப்பைச் செங்கோணத்தினும் மிகுதியாக மடக்கலாகாது. கால்மேற் கால் போடலாகாது. நின்ற நிலையிற் சிகிச்சை பெற்ற காலை ஊன்றி உடலைத் திருப்பலாகாது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம்வரை இவை வேண்டப்படும். மூட்டை எவ்வழியாகத் திறந்தனர் என்பதைப் பொறுத்து நெறிகள் வேறுபடும். சில வைத்தியர் இன்று இவற்றைத் தளர்த்தியும் உள்ளனர். ஆதலால், அயலவரின் நெறியைப் பின்பற்றாது, தம் வைத்தியரின் நெறியையே பின்பற்றல் வேண்டும்.

நம் வீடுகள் இந்நெறிகளுக்கு ஏற்றவையல்ல. பாயில் இருத்தல், சம்மணமிட்டு உண்ணுதல், குந்தியிருந்து மலங்கழித்தல், தாழ்ந்த கட்டில், வழுக்கும் கிணற்றடி, உயர்ந்த விறாந்தைப் படி ஆகிய யாவும் இடர் தருவன. எனவே, வைத்தியசாலைக்குச் செல்லுமுன்னரே வீட்டை ஆயத்தம் செய்தல் வேண்டும். முழங்காலினும் இடுப்புச் சற்று உயர்ந்து நிற்கத்தக்க, கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்று, உயர்த்திய கொமோட், கட்டிலின் கால்களுக்குக் கீழே உறுதியான கட்டைகள், குளிக்கும்போது இருத்தற்கு வழுக்காத ஆசனம், சுவரிற் பிடி. தரையிற் கிடக்கும் விரிப்புக்களையும் மின்கம்பிகளையும் அகற்றல் வேண்டும். கோயிலில் விழுந்து வணங்குதலையும் நிலத்தில் இருத்தலையும் வைத்தியர் இசையும்வரை ஒத்திவைத்தல் தகும். நின்று கைகூப்பினும் வணக்கமே.

பொறுக்கத்தக்கதும் பொறுக்கத்தகாததும்

பொறுமை வேண்டும் என்று கூறியதைக் கொண்டு எல்லாவற்றையும் பொறுத்திருத்தல் பெருந்தவறு. சில அறிகுறிகள் தோன்றின் அன்றே, சில தோன்றின் அக்கணமே வைத்தியரை நாடவேண்டும். புண்ணிலிருந்து நீரோ சீழோ கசிதல், புண்ணைச் சுற்றிச் செம்மையும் சூடும் பரவுதல், காய்ச்சல், குளிர் நடுக்கம் ஆகியன தொற்றின் அடையாளங்களாகலாம். கெண்டைக்காலில் வலியும் இறுக்கமும் தோன்றி, வீக்கம் படுத்தும் தணியாதிருப்பின், நாளத்திற் குருதி உறைந்திருத்தல் கூடும். திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ உண்டாயின், அவ்வுறைவு நுரையீரலை அடைந்திருத்தல் கூடும்; ஒரு நிமிடமும் தாமதித்தல் ஆகாது. குருதி உறையாதிருக்கத் தரும் மருந்தைக் குறித்த நாள்வரை நிறுத்தாது கொள்ளவேண்டியது இதன்பொருட்டே. விழுந்தபின்னரோ திரும்பியபின்னரோ கடும் வலி தோன்றி, கால் குறுகித் திரும்பி நின்று, ஊன்ற இயலாதாயின், மூட்டு விலகியிருக்கலாம்; அப்பொழுது நடக்க முயலாது உதவியை அழைத்தல் வேண்டும்.

சுருங்கக் கூறின், நாளுக்கு நாள் ஏறி இறங்கினும் வாரத்துக்கு வாரம் குறைந்து செல்லும் துன்பம் பொறுக்கத்தக்கது. புதிதாகத் தோன்றுவதும், குறையாது ஏறிச் செல்வதும் பொறுக்கத்தகாதன.

காலத்தின் அளவு

ஆறாவது வாரமளவில் பலர் வீட்டு வேலைகளைத் தாமே செய்வர், தடியைக் குறைப்பர், வைத்தியர் இசையின் வாகனம் ஓட்டுவர். இருந்து செய்யும் தொழிலுக்குச் சிலர் இக்காலத்திற் திரும்புவர். நெடுநேரம் நின்று செய்யும் தொழிலுக்கும் பாரம் தூக்கும் தொழிலுக்கும் மூன்று மாதமோ அதனினும் மிகுதியோ செல்லும். மூன்று மாதமளவிற் பெரும்பாலோர் தாம் சிகிச்சை பெற்றது நன்றே என உணர்வர். வீக்கம் முற்றாக வடிதற்கும், நடை தன்னியல்பு பெறுதற்கும், "இது என் கால்" என்னும் உணர்வு வருதற்கும் ஓராண்டு செல்லுதல் புதுமையன்று. வயதும், வேறு நோய்களும், முன்னிருந்த தசைவலிமையும் இவ்வளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும்.

ஆதலின், நேற்றையோடு இன்றை ஒப்பிடாது, சென்ற வாரத்தோடு இவ்வாரத்தை ஒப்பிடுதல் நன்று. யான் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் ஒவ்வொரு ஞாயிறும் மூன்று வரி எழுதினேன்: எத்தனை தூரம் நடந்தேன், எத்தனை முறை இரவில் விழித்தேன், எதனைப் புதிதாகச் செய்தேன். நான்காம் ஞாயிற்றில் முதல் ஞாயிற்றின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபோதே, நான் முன்னேறியிருப்பதை முதன்முறையாக நம்பினேன். பழைய வலியையும் நினைத்துப் பார்க்கவேண்டும். தொடையிடுக்கைக் குடைந்த அந்த நோ, சிகிச்சையின் மறுநாள் முதல் இல்லை. இருந்தது புண்ணின் நோ. அது தேயும் நோ. முன்னிருந்தது வளரும் நோ.

வீட்டார்க்கும் காணவருவார்க்கும்

நோயாளரின் எதிர்பார்ப்புப்போலவே வீட்டாரின் எதிர்பார்ப்பும் அளவறிந்திருத்தல் வேண்டும். எல்லாவற்றையும் தாமே செய்து கொடுத்து அவரைக் கட்டிலிற் கிடத்தும் அன்பும் தீங்கு செய்யும், "இன்னும் நடக்கவில்லையா?" என வினவும் அவசரமும் தீங்கு செய்யும். தேநீரைக் கட்டிலுக்குக் கொண்டுவராது, மேசையில் வைத்து "வாருங்கோ" என்று அழைத்தல் நடுவு நிலை. என் மனைவி அவ்வாறே செய்தார். அந்நாளிற் கோபம் வந்தது. இந்நாளில் நன்றி தோன்றுகின்றது.

காணவருவோர் பிறர் கதையைக் கொண்டுவரல் வேண்டா. பத்தாம் நாளில் ஓடியவர் கதையும், ஓராண்டாகியும் எழாதவர் கதையும் நோயாளர்க்கு வேண்டியவையல்ல. இருபது நிமிடம் இருந்து, ஊர்ச் செய்தி பேசி, முற்றத்தில் அவரோடு பத்தடி நடந்து செல்வாராயின் அதுவே பெரிய உதவி.

நான்காம் வாரத்தில் வகுப்புக்குத் திரும்ப எண்ணியவன் பதினோராம் வாரத்திலே திரும்பினேன். இடையில் உடனாசிரியர் ஒருவர் என் பாடங்களையும் ஏற்று நடத்தினார். நான் அஞ்சியதுபோல மாணவர் கெட்டுப்போகவில்லை. முதல் நாள் நாற்காலியில் இருந்தே கற்பித்தேன். சில மாதங்களின் பின், ஒரு பாடவேளை முழுவதும் கரும்பலகையின் முன் நின்றிருந்தேன் என்பதை மணி அடித்த பின்னரே உணர்ந்தேன். மூட்டை மறந்திருந்தேன். சிகிச்சையின் பயன் அதுவே. அது தன் காலத்தில் வந்தது.

இச்சிகிச்சையை எதிர்நோக்கியிருக்கும் நம் பழைய மாணவர், வைத்தியரிடம் "எப்பொழுது நடப்பேன்?" என்று மட்டும் கேளாது, "முதல் வாரம் எப்படி இருக்கும், மூன்றாம் வாரம் எப்படி இருக்கும், எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டா?" என்றும் கேட்பாராக. கேட்ட விடையைத் தம் வீட்டார்க்கும் கூறுவாராக. அவ்விடையைத் தமக்கும் உரியதென்று கொள்வாராக.